காய்ச்சல் விட்ட பிறகு கசியும் நீர்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டின் மருத்துவமனை வராந்தாக்களில் ஒரே கேள்விதான்: "எவ்வளவு இருக்கு?" எது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ரத்தத் தட்டணுக்களைத்தான் கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் 80 ஆயிரம், மாலையில் 60 ஆயிரம் என்று அந்த எண் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போகிறது. ஒருவர் பப்பாளி இலையைத் தேடி ஓடுகிறார், இன்னொருவர் ரத்த வங்கிக்கு ஓடுகிறார். எண் இறங்கினால் வீடே அழுகிறது, ஏறினால் கண்டம் தாண்டிவிட்டதாகப் பெருமூச்சு விடுகிறது. நாம் பார்த்துக்கொண்டிருப்பது தவறான எண் என்பதே என் வாதம். டெங்குவில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது தட்டணுக் குறைவு அல்ல. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா, தந்துகிகள் எனப்படும் மிக மெல்லிய நாளங்களின் சுவரைத் தாண்டி வயிற்றறைக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசிந்துவிடுவதுதான் உயிரை எடுக்கிறது. அந்தக் கசிவு ஏன் நடக்கிறது, எப்போது நடக்கிறது, எதைப் பார்த்தால் தெரியும் என்பதையெல்லாம் விளக்கும் அறிவியலின் அடித்தளம் 100 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பிளஸ் டூ உயிரியலை ஒட்டிய அறிவுதான் அது. நோயாளியின் கட்டிலருகே நிற்கும் குடும்பத்திடம் மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

தந்துகியின் உள்விட்டம் ஒரு சிவப்பணு உடலைக் குறுக்கிக்கொண்டு நுழையும் அளவுதான். அதன் சுவரோ ஒற்றை செல் அடுக்கு. அந்தச் சுவர் நீருக்கு முழுக்க அடைத்த சுவரும் அல்ல, முழுக்கத் திறந்த வாசலும் அல்ல. உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளப் பார்க்கிறது. ஆனால் ரத்தத்தில் மிதக்கும் புரதங்கள், குறிப்பாகக் கல்லீரல் உற்பத்தி செய்யும் அல்புமின், அந்த நீரை உள்ளேயே பிடித்து வைக்கின்றன. ஒன்று தள்ளுகிறது, மற்றொன்று இழுக்கிறது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் இதை நிறுவினார். நாயின் காலில் தசைகளுக்கிடையே செலுத்தப்பட்ட உப்பு நீர் ரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டது, புரதம் நிறைந்த சீரம் அப்படி உறிஞ்சப்படவில்லை என்று அவர் காட்டினார். அதுவரை பல அறிஞர்கள், நாளச்சுவரின் செல்கள் ஏதோ ஓர் உயிர்ச்செயலால் நீரைச் சுரக்கின்றன என்று நம்பியிருந்தார்கள். ஸ்டார்லிங்குக்கு அந்த மர்மம் தேவைப்படவில்லை. இரண்டு அழுத்தங்களுக்கு இடையிலான கழித்தல் கணக்கே போதுமானதாக இருந்தது.

அழுத்தத்தை நேரில் அளக்க இன்னும் 30 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் யூஜின் லாண்டிஸ், 1920களின் பிற்பகுதியில் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தவளையின் ஒற்றைத் தந்துகிக்குள் செலுத்தினார். 1930இல் மனிதனின் நகக்கண் ஓரத்துத் தந்துகிகளிலும் அளந்தார். தமனிப் பக்கம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம், சிரைப் பக்கம் சுமார் 12. பிளாஸ்மாப் புரதங்களின் இழுப்போ சுமார் 25. இந்த மூன்று எண்களையும் வைத்துப் பாடநூல்கள் அழகான படம் ஒன்றை வரைந்தன: தந்துகியின் முற்பகுதியில் நீர் வெளியேறும், பிற்பகுதியில் பெரும்பாலும் திரும்பிவிடும், மிச்சத்தை நிணநீர் நாளங்கள் சேகரித்து இதயத்துக்கருகே சிரைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த நிணநீர்ப் பாதையை ஒட்டுண்ணிப் புழு அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை யானைக்கால் நோயாகத் தமிழ்நாடு தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறது. கல்லீரல் கெட்டு அல்புமின் குறைந்தவருக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதும் சிறுநீரில் புரதம் போகும் குழந்தைக்கு முகம் வீங்குவதும் இதே கணக்கின் வேறு வேறு பிசகுகள்தாம்.

அந்தப் பாடநூல் படம் இன்று திருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாளச்சுவரின் உட்புறம் வெறும் செல் அடுக்கு அல்ல; சர்க்கரையும் புரதமும் பின்னிய வழவழப்பான ஒரு மேற்பூச்சு அங்கே பாய்போல விரிந்திருக்கிறது. கிளைக்கோகேலிக்ஸ் என்பது அதன் பெயர். புரதங்களை உள்ளே நிறுத்தி வைப்பதில் பெரும்பங்கு இந்தப் பூச்சுக்கு உண்டு. ஆகவே நீரை இழுத்துப் பிடிக்கும் விசை ரத்தத்துக்கும் திசுவுக்கும் இடையில் இல்லை. ரத்தத்துக்கும் அந்தப் பூச்சுக்கு அடியில் உள்ள குறுகிய இடைவெளிக்கும் இடையில்தான் இருக்கிறது. இதன் விளைவாக, பெரும்பாலான திசுக்களில் நீர் தந்துகிக்குள்ளேயே நேராகத் திரும்பி வருவதில்லை. மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது, நிணநீர் வழியாகத்தான் திரும்புகிறது. பிரிட்டனின் லெவிக், மிஷெல் இருவரும் 2010இல் இந்தத் திருத்தத்தைத் தொகுத்து எழுதினார்கள். விதி மாறிவிட்டதால் பழைய அறிவெல்லாம் வீண்தானா என்று ஒருவர் கேட்கலாம். என் பார்வையில் நேர்மாறாகவே நடந்திருக்கிறது. தள்ளலும் இழுப்பும் அப்படியே இருக்கின்றன, காவல் நிற்கும் இடம் மட்டும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. டெங்கு வைரஸ் கைவைப்பது அந்த இடத்தில்தான்.

காய்ச்சலின் முதல் நாட்களில் ஆய்வகத்தில் "என்.எஸ்.1 பாசிட்டிவ்" என்று எழுதித் தருகிறார்களே, அந்த என்.எஸ்.1 வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் கொட்டும் ஒரு புரதம். நாம் அதை நோயின் அடையாளச் சீட்டாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் புரதமே நாளச்சுவரைக் கசியவைக்கக்கூடியது என்பதை 2015இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இயங்கிய இரு குழுக்கள் காட்டின. அது கிளைக்கோகேலிக்ஸ் பூச்சைச் சிதைப்பதை பெர்க்லி குழு அடுத்த ஆண்டு விவரித்தது. நோயெதிர்ப்புச் செல்கள் கொட்டும் வேதிப்பொருட்களும் இதில் சேர்ந்துகொள்கின்றன. பூச்சு கிழிந்ததும் அல்புமின் வெளியேறுகிறது. அல்புமின் போனால் இழுத்துப் பிடிக்கும் விசை போகிறது. அது போனால் நீரும் கூடவே போகிறது. இதயம் நன்றாகத்தான் துடிக்கிறது, எங்கும் வெட்டுக்காயம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் தரையில் சிந்தவில்லை. ஆனாலும் நாளங்களுக்குள் ஓட வேண்டியது குறைந்துகொண்டே வருகிறது. இது நடப்பது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல. பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்று குடும்பம் நிம்மதியடையும் அதே வேளை! இந்த ஒரு பொருத்தமின்மை எத்தனை வீடுகளை ஏமாற்றியிருக்கும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

கசிவைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அது இரண்டு எண்களில் தடம் விட்டுச் செல்கிறது. ஒன்று, ஹெமட்டோகிரிட், ஆய்வக அறிக்கையில் பி.சி.வி. என்று இருக்கும். ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணுக்கள் என்பதுதான் அது. நீர் கசியும், சிவப்பணு கசியாது. அடுப்பில் குழம்பு சுண்டச் சுண்டக் கெட்டியாவதுபோல ரத்தம் கெட்டியாகிறது, பி.சி.வி. ஏறுகிறது. நோயாளியின் வழக்கமான அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டால் கணிசமான கசிவு நடந்திருக்கிறது என்று பொருள். மற்றொன்று, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி. நாளங்களுக்குள் நீர் குறையும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சிறு தமனிகளை இறுக்குகிறது. அதனால் கீழ் எண் ஏறுகிறது. 110க்கு 70 என்று இருந்தவருக்கு 100க்கு 85 என்று வரும். மேல் எண்ணை மட்டும் பார்க்கிறவர் "நூறு இருக்கிறது, பரவாயில்லை" என்பார். இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே போய்விட்டால் அது அதிர்ச்சி நிலையின், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத ‘ஷாக்’ நிலையின் வாசல். அப்போதும் நோயாளி எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசக்கூடும். கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, ஓயாத வாந்தி, வயிற்றுவலி, இனம்புரியாத அமைதியின்மை எல்லாம் இதே கசிவின் வெளிமுகங்கள்.

தட்டணுக்களுக்கு இதில் பங்கே இல்லையா என்ற கேள்வி நியாயமானது. பங்கு உண்டு, ஆனால் வழிகாட்டிப் பலகையாக. எண்ணிக்கை 1 லட்சத்துக்குக் கீழே வேகமாக இறங்குவதும் கசிவு தொடங்குவதும் பெரும்பாலும் அடுத்தடுத்தே நடக்கின்றன. ஆகவே அந்த இறக்கம் "இனிக் கவனமாகப் பார்" என்று மருத்துவருக்குச் சொல்கிறது. பலகையைத் தூக்கி நிமிர்த்தினால் பாதை மாறிவிடாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தட்டணு 20 ஆயிரத்துக்குக் கீழே போன, ஆனால் பெரிய ரத்தக்கசிவு இல்லாத 372 பெரியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது. பாதிப் பேருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றினார்கள், மீதிப் பேருக்கு ஏற்றவில்லை. ஏற்றப்பட்டவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் ஏற்றப்படாதவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அந்த வித்தியாசம் தற்செயலைத் தாண்டியது என்று சொல்ல முடியவில்லை. பக்கவிளைவுகளோ ஏற்றப்பட்டவர்களிடம் தெளிவாகவே அதிகம். ஏற்றப்பட்ட பையும் நாளங்களுக்குள் சேரும் திரவம்தான் என்பதை இங்கே மறக்கக் கூடாது. ரத்தக்கசிவாலும் சிலர் இறக்கிறார்களே என்றால், உண்மை. ஆனால் கடுமையான உள்ரத்தக்கசிவு பெரும்பாலும் நெடுநேரம் கவனிக்கப்படாத அதிர்ச்சி நிலையின் பின்னால் வருகிறது. ரத்த ஓட்டம் போதாமல் குடலும் கல்லீரலும் நலிந்த பிறகுதான் அந்தப் பெருக்கு. பிளாஸ்மாக் கசிவை நேரத்தில் பிடித்தால் அதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். தட்டணு ஏற்றுவது தேவைப்படும் நோயாளிகள் உண்டு; அந்த முடிவை ரத்தம் வடிவதைப் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டும், எண்ணைப் பார்த்துப் பயந்த உறவினர் அல்ல.

"நீர் கசிகிறது என்றால் நீரை ஏற்றிவிட வேண்டியதுதானே?" என்பது அடுத்த கேள்வி. தட்டணுப் பித்தைவிட ஆபத்தானது இந்த எளிமை. நம் ஊரில் எந்தக் காய்ச்சலுக்கும் "ஒரு குளுக்கோஸ் போடுங்க டாக்டர்" என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது. 5 விழுக்காடு குளுக்கோஸ் கரைசலில் உள்ள சர்க்கரையை உடல் பயன்படுத்திவிட, மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது உடலின் எல்லாச் செல்களுக்குள்ளும் பரவிவிடும், நாளங்களில் தங்குவது சொற்பம். டெங்கு அதிர்ச்சியில் அது உதவாது. அதனால்தான் உப்புச்சத்து ரத்தத்துக்கு இணையாக உள்ள நார்மல் சலைன், ரிங்கர் லாக்டேட் போன்றவற்றை வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் டெங்கு அதிர்ச்சியில் வந்த 512 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. மிதமான அதிர்ச்சியில் இருந்தவர்களுக்கு, விலை குறைந்த ரிங்கர் லாக்டேட்டே விலையுயர்ந்த கரைசல்களுக்குச் சமமாக வேலை செய்தது. 512 பேரில் இறந்தது ஒரே ஒரு குழந்தை. எந்தக் கரைசல் என்பதைவிட, மணிக்கு மணி யாரோ ஒருவர் அளந்து பார்த்துக்கொண்டிருந்ததே அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் அதே அழுத்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. பூச்சு கிழிந்த தந்துகிக்குள் திரவத்தைக் கொட்டினால் உள்ளழுத்தம் கூடும், இருக்கும் கொஞ்சநஞ்சப் புரதமும் நீர்த்துப்போகும். தள்ளுவது வலுக்கிறது, இழுப்பது தளர்கிறது. ஏற்றியதெல்லாம் நுரையீரலைச் சுற்றியே சேரும். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் கொண்ட குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2011இல் மருத்துவ உலகை உலுக்கியது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 விழுக்காடு, அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3. அவர்களுக்கு இருந்தது டெங்கு அல்ல, மலேரியாவும் கடும் ரத்தசோகையும் பலருக்கு இருந்தன. ஆகவே அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது, டெங்கு அதிர்ச்சியில் திரவம் தராமல் இருப்பது கொலைக்குச் சமம். ஆனாலும் அது ஒன்றைக் கற்பித்தது: திரவமும் ஒரு மருந்து, அதற்கும் மிகைஅளவு உண்டு. டெங்குவில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 48 மணி நேரத்தில் நாளச்சுவர் தன்னைச் சீர்செய்துகொள்ள, வெளியே தேங்கியிருந்த நீரெல்லாம் மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. அப்போதும் சொட்டுமருந்துக் குழாய் திறந்தே இருந்தால், கசிவில் தப்பிய நோயாளி நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறக்கூடும்.

இந்த அணுகுமுறை பெரிய அளவில் பலன் தருமா என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 2009இல் அங்கே 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு, 346 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒருவர். அதன் பிறகு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கசிவுக் கட்டத்தைக் கண்டறியும் பயிற்சி தரப்பட்டது. அந்த 48 மணி நேரத்துக்கு எடைக்கேற்ற திரவ ஒதுக்கீட்டைக் கணக்கிட்டு, பி.சி.வி.யையும் சிறுநீரையும் ஒரே அட்டவணையில் குறித்துச் செல்லும் முறை நாடெங்கும் வந்தது. 2017இல் வரலாறு காணாத பெருந்தொற்று, 1,86,000க்கும் மேற்பட்டோர். இறந்தவர்கள் சுமார் 440. நானூறு பேருக்கு ஒருவர் என்ற அளவு. லேசான நோயாளிகளும் கூடுதலாகப் பதிவானதால் விகிதம் குறைந்து தெரிந்திருக்கலாம் என்று மறுப்பவர்கள் உண்டு, அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் நோயாளிகள் ஐந்து மடங்குக்கும் மேல் பெருகி, வார்டுகள் பிதுங்கிய ஓர் ஆண்டில் விகிதம் ஏறவில்லை என்பதே எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. அதே 2017இல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அந்த மாதங்களில் நம் வீடுகளில் எழுந்த விவாதமோ நிலவேம்பையும் பப்பாளி இலையையும் தட்டணுவையும்தான் சுற்றி வந்தது.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டணு எண்ணிக்கை அச்சாகி வரும் அதே முழு ரத்தப் பரிசோதனைத் தாளில் சில வரிகள் மேலே பாருங்கள், பி.சி.வி. அங்கே இருக்கிறது. தனிச் செலவு இல்லை, தனி ஊசி இல்லை. தானியங்கிக் கருவி இல்லாத இடத்தில்கூட விரல்நுனி ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சிறு சுழற்சிக் கருவியில் சில நிமிடங்கள் சுற்றினால் விடை கிடைத்துவிடும். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பேசுவோர் குறைவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வழக்கமாகவே பி.சி.வி. 30 உள்ள ஒரு பெண்ணுக்குக் கசிவு முற்றி அது 36 ஆகும்போது, அறிக்கையைப் புரட்டுபவர் கண்ணுக்கு அது ஏறக்குறைய இயல்பான எண்ணாகத் தோன்றும். ஏற்றம் தெரிய வேண்டுமானால் தொடக்க எண் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே காய்ச்சலின் 2ஆம் அல்லது 3ஆம் நாளிலேயே ஒரு பரிசோதனை எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த மருத்துவமனைக்கு மாறினாலும் கையோடு கொண்டுபோக வேண்டும். ரத்தசோகை உள்ள தாய்மார்களுக்கு இது மற்றவர்களைவிட இரண்டு மடங்கு முக்கியம்.

அரசு செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. காய்ச்சல் முகாம்களில் தரும் சீட்டில் முதல் நாள் பி.சி.வி.யை எழுத ஒரு கட்டம், காய்ச்சல் விட்ட தேதியை எழுத ஒரு கட்டம், அதற்கடுத்த இரண்டு நாட்களில் சிறுநீர் எத்தனை முறை கழித்தார் என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தால், வாசிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் தன் பாட்டிக்குக் காவல் இருக்க முடியும். வாயால் குடிக்க முடிந்தவர்களுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் இளநீரும் போதும். குடிக்க முடியாமல் வாந்தி எடுப்பவரையும், முன்பு சொன்ன மற்ற அறிகுறிகள் தெரிபவரையும் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தவிர்த்து பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளும்படி அதே சீட்டில் ஒரு வரி சேர்க்கலாம். ஊடகங்களும் "தட்டணு 20 ஆயிரமாகச் சரிவு" என்ற தலைப்பை விட்டுவிட்டு, காய்ச்சல் விட்ட நாளிலிருந்து 48 மணி நேரம் என்று எழுதப் பழக வேண்டும். மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் குடும்பம் செவிலியரிடம் "எவ்வளவு இருக்கு?" என்று கேட்கும்போது, "பி.சி.வி. காலையில 38, இப்ப 41, பிரஷர் இடைவெளி முப்பது, மூணு மணி நேரமா யூரின் போகலை" என்று பதில் வர வேண்டும். அதைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.